அத்தானுக்கு வந்த நாலு மார்க்

எங்கள் அத்தான் தூங்காத இடமே கிடையாது. முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவார். வங்கி வரிசையில் நின்றபடியே தூங்கி, முன்னால் நிற்பவர் முதுகில் முட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். அவருக்கும் என் அக்காவுக்கும் நடந்த கல்யாணத்தில் எடுத்த படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கூச்ச சுபாவம் என்று அப்போது சொல்லிச் சமாளித்தார்கள். கூச்சமாவது ஒன்றாவது. சாட்சாத் தூக்கம்தான்.

நான் அக்காவுக்கு எட்டு வயது இளையவள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்கா வீடு இருக்கிறது, சண்டை போட அத்தான் இருக்கிறார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. வந்த நாளிலிருந்து 'வாயாடி'தான். அவர் மாதிரி வாய் திறக்காத மனிதருக்கு யாரைப் பார்த்தாலும் வாயாடியாகத்தான் தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் தொழிலில் அத்தானைக் குறை சொல்ல முடியாது. ஆயத்த ஆடை ஆலையில் அவர் கட்டிங் மாஸ்டர். நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்திருப்பார்கள். மேலே கோடு போட்ட தாளை ஒட்டி, அந்தக் கோட்டின் மேல் கத்தி மெஷினை நடத்திக்கொண்டு போக வேண்டும். கத்தி மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நூல் விலகினால் அத்தனை அடுக்கும் விலகும். இடது கையில் இரும்புக் கம்பி பின்னிய உறை மாட்டியிருப்பார். அக்குள் வளைவு வெட்டும்போது அவர் மூச்சுவிடுகிறாரா என்றே தெரியாது. அதைப் பார்க்கத்தான் நான் சும்மாவாவது ஆலைக்குப் போய் நிற்பேன். அக்காவும் அதே ஆலையில்தான், தைத்த சட்டைகளில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் மத்தியானம் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கிவிட்டார். நாலு எட்டு கத்தி தன் போக்கில் நடந்திருக்கிறது. மேசையிலிருந்த சட்டை முதுகுகள் அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே வளைவு விழுந்துவிட்டது. இரும்பு உறை மட்டும் இல்லாவிட்டால் விரல்களும் அந்த அடுக்கோடு போயிருக்கும். மேலாளர் ஆடித் தீர்த்துவிட்டார். ஆலை டாக்டர் நல்லவேளையாகக் கொஞ்சம் யோசிக்கிற மனிதர். "ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்று அத்தானைக் கேட்டார். பதில் சொன்னது அக்கா.

"விடுவாரான்னா கேக்கறீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க சுவர் இடிக்கிறோம்னு நினைச்சுக் கதவைத் தட்டியிருக்காங்க டாக்டர்."

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தனியாகத் தங்கும் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தூங்கும்போது தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று போகிறது, உடம்பு திடுக்கிட்டு விழிக்கிறது, மறுபடி தூங்குகிறது, மறுபடி மூடிக்கொள்கிறது. இது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நடக்கிறது என்பதுதான் மதிப்பெண். ஐந்துக்குக் கீழே இருந்தால் நோயில்லை. பதினைந்தைத் தாண்டினால் வைத்தியம் வேண்டும். அத்தானுக்கு நாற்பத்தொன்று வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அத்தான் இவ்வளவு வாங்கியிருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள்.

மெஷின் வந்தது. மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றைத் தள்ளும் சின்னப் பெட்டி. அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அத்தான் யானைக்குட்டி மாதிரி இருப்பார். வீட்டில் அதற்கு 'தும்பிக்கை' என்றே பெயர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதர். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். சாயங்காலம் நடக்கப் போனார், தொப்பை கரைந்தது. நான் சொல்லும் நகைச்சுவையை முடிவு வரை கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அது வேறு விஷயம். இத்தனை வருஷம் தூக்கத்தில் தொலைத்த மனிதரை யாரோ கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. கூடவே, அக்காவுக்கு நெடுநாளாக இருந்த வலது கை வலியும் போனது. மனசு நிம்மதியானால் உடம்பு வலியும் ஓடிவிடும் என்று நான் பெரிய மனுஷி மாதிரி விளக்கம் சொன்னேன்.

ஆறு வருஷம் உழைத்த பிறகு தும்பிக்கை முனக ஆரம்பித்தது. பிறகு நடுவில் தானாகவே நின்றது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு உதிரிப் பாகமே வருவதில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். ஆலை வழியாக எல்லோருக்கும் காப்பீடு உண்டு. இதெல்லாம் அதில் வரும் என்று நம்பி அத்தான் அலுவலக அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்தக் காகித விவகாரங்களைப் பார்க்கும் பெண் பொறுமையானவள்.

"மாஸ்டர், போன வருஷம் காப்பீட்டுக் கம்பெனி மாறிடுச்சு இல்லையா. புது மெஷின் வேணும்னா புதுசா டெஸ்ட் எடுக்கணுமாம். பழைய ரிப்போர்ட்டை அவங்க ஏத்துக்க மாட்டாங்க."

"நோய் அதேதானேம்மா?"

"நோய் அதேதான் மாஸ்டர். கம்பெனி வேற."

"எவ்வளவு வரணும்?"

"பதினஞ்சுக்கு மேல. கீழ வந்துட்டா மெஷின் கிடையாது. ஒரு வருஷத்துக்கு இன்னொரு டெஸ்டும் குடுக்க மாட்டாங்க. ஒரே சான்ஸ்தான்."

வெளியே வந்ததும் அத்தான் மரத்தடியில் நின்றுவிட்டார். "நான் இளைச்சுட்டேனே வாயாடி. குறைஞ்சு போயிருந்தா?"

"குறைஞ்சா நல்லதுதானே அத்தான்?"

"முழுசாக் குறைஞ்சா நல்லது. அரைகுறையாக் குறைஞ்சு பதினாலு வந்துச்சுன்னா? மெஷினும் இருக்காது, நோயும் போயிருக்காது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நோய் குறையக்கூடாதே என்று கவலைப்படும் நோயாளியை நான் மருந்துக் கடையில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மனிதருக்கு அந்தப் பெட்டிதான் வெட்டு மேசை, விரல், மரியாதை எல்லாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். மார்பில் ஒரு பட்டை, மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். அன்றைக்குத் தும்பிக்கையை மாட்டக்கூடாது. மற்றபடி தினமும் படுக்கிற மாதிரியே படுத்தால் போதும் என்று டெக்னீஷியன் சொன்னார். அத்தான் தினமும் படுக்கிற மாதிரியே படுத்தார். அதாவது, அதே கட்டிலில், அதே தலையணையில், அக்காவுக்கு வலப் பக்கத்தில். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது?

மதிப்பெண் நாலு வந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார்கள். நடைப்பயிற்சியின் மகிமை என்றார்கள். அலுவலகப் பெண்கூட, "உங்களுக்கு நோயே இல்லையாம் மாஸ்டர்" என்று முகம் மலரச் சொல்லிவிட்டு, காப்பீட்டுக் கம்பெனி மெஷின் கோரிக்கையை மூடிவிட்டது என்பதையும் மெதுவாகச் சொன்னாள். அக்கா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அத்தான் மட்டும் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ தன் கைக்கு வந்துவிட்ட மாதிரி. அந்த வாரமே தும்பிக்கை அடியோடு நின்றுபோனது.

கொஞ்ச நாளில் பழைய அத்தான் திரும்பி வர ஆரம்பித்தார். ஆலை பஸ்ஸில் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்கினார். நான் கதை சொன்னால் பாதியில் தலை தொங்கியது. 'நாலுதானே வந்திருக்கு, இது வயசு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேசையில் கத்தி ஓடும்போது பயம் வந்து, வளைவு வெட்டும் வேலையை உதவியாளிடம் கொடுத்துவிட்டு நேர்கோடுகளை மட்டும் தான் வெட்டினார். மேலாளர் கண்ணில் அது பட்டுவிட்டது. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே, வேலையில் மனசு இல்லையா என்று கேட்டிருக்கிறார். இப்படியே போனால் துணி மடிக்கிற பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

அதை அத்தான் அக்காவிடம் சொல்லவில்லை. கடைக்கு வந்து, கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, என்னிடம் சொன்னார்.

"தூக்கம் வராம இருக்க மாத்திரை ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. தர மாட்டேன்."

"நீ தர மாட்டேன்னு தெரியும். சும்மா கேட்டேன்." கண்ணாடிப் பெட்டி மேல் விரலால் ஒரு வளைவு வரைந்தார். "நாப்பத்தொண்ணு வந்தப்ப நான் நோயாளி. நாலு வந்ததும் சோம்பேறி ஆயிட்டேன். பாரேன்."

இந்த மனிதரைக் கேலி செய்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். அன்றைக்கு அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சொந்தமாக ஒன்றை வாங்கலாம் என்றால், அவர்கள் மகள் வெளியூரில் படிக்கிறாள், அந்தச் செலவே கையை மீறுகிறது. அந்தப் பேச்சையே அத்தான் எடுக்க விடமாட்டார். போகும்போது அக்காவுக்கு ஒரு வலித் தைலம் வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு வலது கை மறுபடி வலிக்க ஆரம்பித்திருந்தது. செக்கிங் மேசை உயரம் சரியில்லை என்று அக்கா சொன்னாள், நாங்களும் மேசையைத் திட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவர்கள் இருவரும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா படுத்ததும் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்துவிட்டது. அத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் மெல்ல மல்லாந்தார். மல்லாந்ததும் குறட்டை கிளம்பியது. ஏறிக்கொண்டே போய், இதோ நிற்கப் போகிறது என்று தோன்றிய நேரத்தில், அக்காவின் வலது கை எழுந்து அவர் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது. அத்தான் ஒருக்களித்தார். குறட்டை அடங்கி மூச்சு சீராக வந்தது. கை திரும்பிப் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

விழித்திருக்கிறாளாக்கும் என்று நினைத்து, "அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், கண்ணிமைகூட அசையவில்லை. சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தேன். அத்தான் மறுபடி மல்லாந்தார். மறுபடி அந்தக் கை எழுந்தது. தேடவில்லை, தடவவில்லை, தோள் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பொத்தானை அப்படியே போட்டுவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

எழுந்து டீ குடிக்கும்போது இருவருக்கும் காட்டினேன்.

"இது நானா? நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்" என்றாள் அக்கா.

"தூங்கிட்டுத்தான் இருக்கே. நல்லாப் பாரு, கொட்டாவி விட்ட வாயைக்கூட மூடலை."

"நான் எதுக்குடி இவரைத் தள்ளப் போறேன்?"

"கல்யாணம் ஆன புதுசுல தள்ளுவியா இல்லையா?"

அக்கா யோசித்தாள். "அப்பல்லாம் தள்ளுவேன். குறட்டை திடீர்னு நின்னுடும், எனக்குப் பக்குன்னு இருக்கும். திருப்பிப் படுக்க வச்சாத்தான் மூச்சு வரும். அப்புறம் மெஷின் வந்துச்சு, விட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

மெஷின் வருவதற்கு முன் பதினோரு வருஷம் அவள் அப்படித் தள்ளியிருக்கிறாள். முதலில் விழித்து விழித்துத் தள்ளியிருப்பாள். பிறகு விழிக்கத் தேவையில்லாமல் கை தானே பழகிக்கொண்டது. மெஷின் ஓடிய ஆறு வருஷம் அந்தக் கை சும்மா கிடந்தது. பரிசோதனைக்காகத் தும்பிக்கையைக் கழற்றிய அன்றைக்கு, யாரும் சொல்லாமலே, பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. விடிய விடிய அவரை மல்லாக்கப் படுக்கவே விட்டிருக்காது. மூச்சு நிற்காது, ஆனால் ஒவ்வொரு தள்ளுக்கும் அவர் தூக்கம் துண்டு துண்டாகியிருக்கும். அந்த நாலு மார்க் அத்தான் வாங்கியதே இல்லை.

அத்தான் போனை வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு அக்காவின் வலது கையைப் பார்த்தார்.

"இந்தக் கைதானே வலிக்குதுன்னே?"

அக்கா கையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.

அடுத்த வாரம் தூக்க டாக்டரம்மாவிடம் போனோம். வீடியோவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்த நாலு மார்க் ரிப்போர்ட்டைக் கணினியில் திறந்து, படுத்திருந்த நிலையைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. இந்த மனிதர் மல்லாந்த நேரமே கிட்டத்தட்ட இல்லையே, இதை நானும் கவனித்திருக்க வேண்டும் என்றார். இந்தப் பரிசோதனை செல்லாது, ஆஸ்பத்திரியிலேயே தனியாகப் படுக்கவைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். வீடியோவையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்.

அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வாயைப் பொளந்துக்கிட்டு, தலைமுடி பறந்துக்கிட்டு, அந்தக் கோலத்தை ஊர் பேர் தெரியாதவன்லாம் பாக்கணுமா? நான் மாட்டேன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அத்தான்தான் கடைசியில், "இத்தனை வருஷம் எனக்காகத் தள்ளினே. இதையும் எனக்காகப் பண்ணிடு" என்றார். அவர் அக்காவிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அனுப்பித் தொலை என்றாள்.

அனுப்புவதற்கு முன்னால் கம்பெனிக்குப் போன் செய்தேன். அத்தானைப் பேசவிட்டால் 'சரிங்க' என்று வைத்துவிடுவார். எடுத்தவன் சின்னப் பையன் குரலில், படித்து வைத்த பாடம் போலப் பேசினான். வருஷத்துக்கு ஒரு பரிசோதனைதான் என்றான். நான் நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நீங்க சொல்றதைப் பார்த்தா, ஒருக்களிச்சுப் படுத்தா சாருக்குப் பிரச்சினை இல்ல. அப்ப அப்படியே படுக்கட்டுமே."

"படுக்கட்டும் தம்பி. தூங்கினப்புறம் யார் திருப்பி விடறது?"

"அது… வீட்டுல யாராவது."

"அந்த யாராவது எங்கக்கா. அவளும் காலையில வேலைக்குப் போகணும். உங்க பாலிசியில எங்கக்கா எதுல வர்றா? மெஷின்லயா, மருந்துலயா? சொல்லுங்க, அதையும் எழுதிடறோம்."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அவங்க தூக்கத்துலயேவா பண்றாங்க?" என்று கேட்டான். இந்தத் தடவை பாடம் ஒப்பிக்கிற குரல் இல்லை.

"தூக்கத்துலயேதான்."

"டாக்டர் லெட்டரோட வீடியோவையும் அனுப்புங்க மேடம். நான் மேல அனுப்பி வைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அத்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாராம். தான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் கைக்கு ஓய்வு கிடைக்கும் என்று கணக்கு. அக்காவும் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறாள்.

"நீ உள்ள போய்த் தூங்கு. கை வலிக்கும்" என்றிருக்கிறார் அத்தான்.

"தூக்கத்துலதானே பண்றேன்? அதுல எனக்கென்ன சிரமம்?" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் படுத்துவிட்டாளாம். இதை அத்தான் கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் தைல டப்பாக்களை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன்.

ஒருவழியாக அனுமதி வந்தது. ஆஸ்பத்திரியில், தனி அறையில், யாரும் உடன் இல்லாமல் ஒரு ராத்திரி. இதுவே கடைசி, இதிலும் பதினைந்தைத் தாண்டாவிட்டால் பேச்சே கிடையாது. அத்தான் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி போனார். அக்காவைத் தனியாக விட மனசில்லாமல் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். சின்ன வயதில் படுத்த மாதிரி ஒரே கட்டிலில் படுத்தோம். அவர் என்ன செய்கிறாரோ, மூடி இல்லாமல் மல்லாந்து கிடப்பாரோ என்று கொஞ்ச நேரம் புலம்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்குக் குறட்டை கிடையாது. மூச்சு நிற்பதும் இல்லை. ஆனாலும் அக்காவின் கை வந்தது. என் தோளைப் பிடித்துத் தள்ளியது. நான் திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி தள்ளியது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருக்கும். இங்கே கை என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். நான் மூச்சு விடுகிறேனா என்று இதுவரை யார் பார்த்தார்கள்? கல்யாணம் செய்துகொள்ளாததில் வருத்தமில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று ஒரு ராத்திரி மட்டும் இருந்தது.

காலையில் அக்கா சோம்பல் முறித்தபடி எழுந்து, "ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்டி" என்றாள். நான் தோளைத் தேய்த்துக்கொண்டே டீ போடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். நெற்றியிலும் தலைமுடியிலும் பசை ஒட்டியிருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"நல்லா வந்திருக்கும்னு நினைக்கிறேன். ராத்திரி பூரா செத்துச் செத்துப் பிழைச்சேன்" என்றார்.

அக்கா அவர் கையில் ஒரு அடி வைத்தாள். நடுத்தெருவில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டு வந்தது. டாக்டரம்மா அதைச் சொன்னதும் நாங்கள் மூவரும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டோம். பிறகு அக்கா மட்டும் உட்கார்ந்து, "மணிக்கு முப்பத்தெட்டு தடவையா டாக்டர்? பக்கத்துல ஒருத்தர்கூட இல்லாம?" என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். காப்பீட்டுக் கம்பெனியின் ஒப்புதல் தாமதமின்றி வந்தது. அந்தப் பையன் தானே கூப்பிட்டுச் சொன்னான்.

புதுத் தும்பிக்கை பழையதைவிடச் சின்னது, சத்தமே இல்லை. மடிக்கும் பிரிவைப் பற்றி மேலாளர் பிறகு பேச்செடுக்கவில்லை. அத்தான் வளைவுகளை மறுபடி தானே வெட்டுகிறார். போன வாரம் ஆலைக்குப் போய் நின்று பார்த்தேன். அக்குள் வளைவில் கத்தி திரும்பும்போது அவர் மூச்சுவிடுவது தெரியவில்லை.

வெட்டி முடித்து இரும்பு உறையைக் கழற்றும்போது, யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டேன். "இன்னமும் அந்தக் கை வருதா அத்தான்?"

"வருது. நான் இப்பல்லாம் அவளுக்கு முன்னாடியே முழிச்சுடறேனா, பாக்கறேன்." உறையை மேசை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அதைச் சரி செய்தார். "தள்றதில்ல. தோள்ல வந்து படுத்துக்குது, அவ்வளவுதான். நானும் அவ எந்திரிக்கிற வரைக்கும் அசையாமக் கிடக்கிறேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதே வாயாடி. தெரிஞ்சா கூச்சப்பட்டு எடுத்துடுவா."

இதுவரை நான் சொல்லவில்லை. எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அக்காவுக்குக் கதை படிக்கிற வழக்கம் கிடையாது.